ஒரு வரியை விட்டுவிட்டு ஜெபித்த எட்டு வருடம்

எட்டு வருடம் நான், இயேசு சொல்லிக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் ஒரு வரியைச் சொல்லவில்லை. ஞாயிறு ஆராதனையில் சபை முழுவதும் சேர்ந்து சொல்லும்போது என் சத்தமும் சேர்ந்துதான் வரும். "எங்களுக்கு விரோதமாய்க் குற்றம் செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வேன். அந்த வரி தாண்டியதும் மறுபடி சேர்ந்துகொள்வேன். மன்னிக்காமல் மன்னிக்கிறேன் என்று ஆண்டவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. பக்கத்தில் நின்ற என் கணவருக்குக்கூட இது ரொம்ப நாள் தெரியாது.

நான் மன்னிக்காமல் இருந்தது என் கூடப்பிறந்த அண்ணனை.

நாசரேத் பக்கத்தில் ஒரு செம்மண் ஊர் எங்களுடையது. அப்பா அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். அந்தக் கடை வருமானத்தில்தான் எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தார், ஐந்து சென்டில் வீடு கட்டினார், ஊருக்கு மேற்கே 62 சென்ட் பனைவிளை (பனந்தோப்பு) வாங்கினார். 2011-ல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. நான் பாளையங்கோட்டையில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். பிசியோதெரபிக்கு வசதியாக இருக்கும் என்று அப்பாவை என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். அம்மா ஊரில் அண்ணனோடு இருந்தார்.

2013 கிறிஸ்மஸுக்கு அண்ணன் வந்தான். "பண்டிகைக்காவது அப்பா நம்ம வீட்ல இருக்கட்டும்" என்று காரில் ஏற்றிக்கொண்டு போனான். புது வருடம் பிறந்து ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டான். அன்று இரவு அப்பாவுக்கு உடம்பு துடைத்துவிடும்போது அவருடைய இடது கட்டைவிரலில் மை ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். ஏதோ பேங்க் வேலையாக இருக்கும் என்று நினைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டு நானே அதைத் துடைத்து எடுத்தேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்தார். எனக்குப் புரியவில்லை.

அப்பா 2014 ஆகஸ்டில் இறந்தார். அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வீடு, விளை இரண்டும் தான செட்டில்மெண்ட் பத்திரமாக அண்ணன் பெயருக்கு மாறியிருந்தன. ஜனவரி முதல் வாரத்துத் தேதி. நான் துடைத்த மை அந்த மை.

வக்கீலிடம் போனேன். எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். உயில் இல்லாமல் அப்பா இறந்து, சொத்து அவர் பெயரிலேயே இருந்திருந்தால் அம்மாவின் பங்கு போக மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. ஆனால் அப்பா சுயமாகச் சம்பாதித்ததை உயிரோடு இருக்கும்போதே யாருக்கும் எழுதிக் கொடுக்கலாம். பத்திரத்தை ரத்து செய்ய வேண்டுமானால் வற்புறுத்தி வாங்கியது என்று நிரூபிக்க வேண்டும், அதற்கும் விஷயம் தெரிந்ததிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்றார். அம்மா அந்த வீட்டில்தான் இருந்தார். கோர்ட் வாசலில் அம்மாவை நிறுத்த எனக்கு மனமில்லை. மூன்று வருடமும் போனது. 2021-ல் அம்மாவும் போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் நானும் அண்ணனும் குழிக்கு எதிரெதிர்ப் பக்கத்தில் நின்று மண் போட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அம்மா போன பிறகு என் கோபத்துக்கு அணை இல்லாமல் போயிற்று. யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். டியூட்டி ரூமில், பஸ்ஸில், கல்யாண வீட்டில். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் புதிதாக ஒன்று சேரும். சொல்லி முடித்தால் பாரம் குறையும் என்று நினைத்தேன். சொல்லச் சொல்ல, அந்த மை நேற்றுத்தான் துடைத்தது போல ஆனதுதான் மிச்சம்.

2022 மே மாதம். என் மாமியார் ஊரும் அண்ணன் ஊரும் ஒரே சேகரம், ஒரே போதகரின் கீழ் வருகிற சபைகள். லீவுக்குப் போயிருந்த என் மகள் அங்கே விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் போனாள். கடைசி நாள் எல்லா ஊர்ப் பிள்ளைகளையும் ஒரே ஆலயத்தில் சேர்த்து நிகழ்ச்சி வைத்தார்கள். அண்ணன் மகனும் வந்திருந்தான், ஒன்பது வயதுப் பையன். வரிசையில் நிற்கும்போது ஏதோ சண்டை. என் மகள் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் அவனைப் பார்த்து, "உங்க அப்பா எங்க தாத்தா கையைப் பிடிச்சு சொத்தைத் திருடுனவருதான?" என்று கேட்டாள். நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என் வார்த்தை, என் இழுப்பு, என் கை ஆட்டல்கூட அவளிடம் இருந்தது. பையன் அழக்கூட இல்லை. கையில் வைத்திருந்த வண்ணக் காகிதக் கிரீடத்தை மடித்துக்கொண்டே இருந்தான், மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாகும்வரை.

கசப்பான வேர் முளைத்தெழும்பி அநேகரைத் தீட்டுப்படுத்தும் என்று எபிரெயர் நிருபத்தில் இருக்கிறது. நான் எத்தனையோ தடவை வாசித்த வசனம். 'அநேகர்' என்றால் யார் என்று அன்றுதான் பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் எங்கள் தெருவில் இருக்கிற ஒரு ஐயரம்மாவிடம் போனேன். சபைப் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் நாங்கள் சொல்வோம். ஐயர் ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். "மன்னிக்கணும்னு தெரியுது அம்மா, எப்படினு தெரியல" என்றேன். அவர்கள் வசனம் சொல்லவில்லை. "நீ எதை மன்னிக்கணும்னு முதல்ல எழுது பிள்ளை. எவ்வளவு கடன்னு தெரியாம எப்படித் தள்ளுபடி பண்ணுவ?" என்றார்கள்.

இதைப் படிக்கிற யாராவது என் நிலைமையில் இருந்தால், இதிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். "பரவாயில்லை, ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொள்வது மன்னிப்பே இல்லை. ஒன்றுமில்லை என்றால் மன்னிக்க என்ன இருக்கிறது?

எனக்கு எழுதுவது சுலபமாக இருந்தது, பாதி ஏற்கனவே எழுதியிருந்தேன். அப்பாவைப் பார்த்துக்கொண்ட மூன்று வருடமும் ஒரு நோட்டில் செலவுக் கணக்கு வைத்திருந்தேன். மாத்திரை, பிசியோதெரபி, டயப்பர், நான் நைட் டியூட்டி போகும்போது வைத்த ஆள் கூலி. ஆறு லட்சத்தைத் தாண்டியிருந்தது. என்றாவது அண்ணன் முன்னால் விரித்துப் போடுவதற்காக அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். அதன் கீழே தொடர்ந்து எழுதினேன். வீட்டில் பாதி. விளையில் பாதி. அப்பாவின் கடைசிக் கிறிஸ்மஸ். என் கையாலேயே அந்த மையைத் துடைக்க வைத்தது. கடைசி வருடங்களில் அம்மா என் வீட்டுக்கு வரத் தயங்கியது. எழுதிக்கொண்டே வந்து கடைசியில் "என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத முடியாமல் அழுதேன். ஆறு லட்சத்தைவிடவும் பனைவிளையைவிடவும் எனக்குப் பெரிதாக இருந்தது அதுதான். எட்டு வருடமாகச் சொத்து சொத்து என்று பேசிக்கொண்டிருந்தவளுக்கு இது தெரியவே இல்லை.

அப்புறம் ஐயரம்மா மத்தேயு 18-ம் அதிகாரத்தைக் கணக்குப் போட்டுப் படிக்கச் சொன்னார்கள். எத்தனை தரம் மன்னிக்க வேண்டும், ஏழு தரமா என்று பேதுரு கேட்கிறார். ஏழெழுபது தரம் என்கிறார் இயேசு. உடனே ஒரு கதை சொல்கிறார். ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன், அவனுக்கு நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட இன்னொருவன். ஒரு வெள்ளிப்பணம் என்பது அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி, திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் உவமையில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் பதினாயிரம் தாலந்து ஆறு கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் இரண்டு லட்சம் வருடம் உழைக்க வேண்டும். அதை ராஜா ஒரே வார்த்தையில் தள்ளுபடி செய்துவிடுகிறார். அந்த ஊழியக்காரனோ தனக்கு வரவேண்டிய நூறை விட மறுக்கிறான்.

இதுவரை பிரசங்கத்தில் கேட்டதுதான். என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த நூறு. நூறு நாள் கூலி என்பது சில்லறை இல்லை. மூன்று மாதத்துக்கு மேலான சம்பளம். கூலிக்குப் போகிற குடும்பத்தில் அது பிள்ளையின் பள்ளிக்கூட ஃபீஸ், வீட்டு வாடகை எல்லாம்தான். இயேசு அந்தக் கடன் பொய் என்று சொல்லவில்லை, சின்னது என்றும் சொல்லவில்லை. அண்ணன் எனக்குப் பட்ட கடன் நிஜம் என்று ஆண்டவரும் ஒத்துக்கொள்கிறார் என்று அன்று எனக்குத் தோன்றியது. அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. எட்டு வருடமாக யாராவது அதைச் சொல்ல மாட்டார்களா என்றுதான் காத்திருந்திருக்கிறேன்.

என் பதினாயிரம் தாலந்து எது என்றும் எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நைட் டியூட்டி. ஒரு வயதான அம்மா மூன்று தடவை கூப்பிட்டார். அடிக்கடி கூப்பிடுகிறவர்தானே என்று நான் எழுந்து போகவில்லை. விடியும்போது அவர் இல்லை. போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியில்லை. அதை ஆண்டவரிடம் வைத்துவிட்டு, அவர் மன்னித்தார் என்று நம்பித்தான் இருபது வருடத்துக்கும் மேலாக யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வார்டுக்குள் நடக்கிறேன். அந்த நம்பிக்கை இல்லையென்றால் எனக்கு நிற்கவே இடமில்லை.

அப்பா கடையை மூடிய வருடம் நினைவுக்கு வந்தது. கடன் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வரவே வராது என்று தெரிந்த பக்கங்களில் 'வராக்கடன்' என்று எழுதி, மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார். பெயரை அழிக்கவில்லை, தொகையையும் மாற்றவில்லை. நானும் என் நோட்டை எடுத்து, எழுதிய பக்கம் ஒவ்வொன்றிலும் அப்படியே ஒரு கோடு போட்டேன். ஜூன் மாதம், இரவு பதினொன்றரை மணி இருக்கும்.

காலையில் எழுந்தால் கோபம் அப்படியே இருந்தது.

நான் பயந்துபோனேன். ஐயரம்மாதான் சொன்னார்கள், ஏழெழுபது என்பது நானூற்றுத் தொண்ணூறு தப்புக்கு என்று ஏன் நினைக்கிறாய், ஒரே தப்பை அத்தனை தடவை மன்னிக்க வேண்டியிருக்கும் என்று. அதுதான் நடந்தது. ரேஷன் கடையில் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்தால் பொங்கும். வீட்டு வரி ரசீது கண்ணில் பட்டால் பொங்கும். ஒவ்வொரு தடவையும் "கோடு போட்டாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் மன்னிப்பதற்கு 'அஃபியேமி' என்றொரு சொல் வருகிறது என்று எங்கள் வேதபாட வகுப்பில் கேட்டிருக்கிறேன். சீஷர்கள் வலைகளை விட்டு இயேசுவுக்குப் பின்சென்றார்கள் என்ற இடத்திலும் அதே சொல்தானாம். விட்டுவிடுவது. கையைத் திறப்பது. எனக்கு விரல் எட்டு வருடம் மடங்கியே இருந்தது, திறந்தாலும் தானாக மடங்கிக்கொள்ளும்.

அந்த நாட்களில் எனக்கு உண்மையில் உதவியது மூன்று காரியம்.

அண்ணனுக்காக ஜெபிப்பது. காலையில் பிபி மாத்திரை போடும்போது அவன் பெயரைச் சொல்லி ஒரே வரி. முதலில் "ஆசீர்வதியும்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. "ஆண்டவரே, அண்ணனைப் பாரும்" என்று மட்டும் சொன்னேன். இரண்டு மாதம் அவ்வளவுதான். சொல்ல முடிந்ததைச் சொன்னால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். ஒருநாள் அண்ணனுக்கு சுகர் என்று கேள்விப்பட்டு, "கால் புண்ணாகாமல் பார்த்துக்கொள்ளும்" என்று ஜெபித்துவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் யாருக்காகக் கேட்டேன் என்று உறைத்தது.

சங்கீதம். நல்ல வார்த்தை வராத இரவுகளில் 13-ம் சங்கீதம் வாசிப்பேன். முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று தாவீது கேட்கிறார். கோபத்தை மனுஷரிடம் கொட்டாமல் ஆண்டவரிடமே கொண்டுபோகலாம், அவர் முகம் சுளிக்க மாட்டார் என்பதற்கு எனக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். எபேசியர் நிருபத்தில் பவுலும் கோபமே கூடாது என்று சொல்லவில்லை. சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன் எரிச்சல் தணியட்டும் என்கிறார். என் எரிச்சலின் மேல் ஏறக்குறைய மூவாயிரம் தடவை சூரியன் அஸ்தமித்திருந்தது.

மூன்றாவது, கதை சொல்வதை நிறுத்தியது. கணவரிடமும் ஐயரம்மாவிடமும் தவிர வேறு யாரிடமும் இதைப் பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். மூன்றிலும் இதுதான் கஷ்டம். பாதிப் பேச்சில் நிறுத்தியிருக்கிறேன்.

மன்னித்ததும் பிபி இறங்கிவிட்டது, வியாதி போய்விட்டது என்று சாட்சி சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காக சந்தோஷப்படுகிறேன். எனக்கு அப்படி நடக்கவில்லை, இன்றும் அதே மாத்திரைதான். தூக்கம் மட்டும் வந்தது. அதையும் நான் மன்னித்ததற்குக் கூலியாக எண்ணவில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மன்னிப்பது வேறு, நீதியைக் கைவிடுவது வேறு. 1999 ஜனவரியில் நான் நர்சிங் மாணவி. ஒடிசாவில் மனோகர்பூர் என்ற ஊரில், தொழுநோயாளிகளுக்குப் பல வருடம் சேவை செய்த கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய மகன்கள், பத்து வயது பிலிப்பையும் ஆறு வயது தீமோத்தேயுவையும், வண்டிக்குள் தூங்கும்போது எரித்துக் கொன்ற செய்தி வந்தது. ஹாஸ்டலில் விடிய விடிய ஜெபித்தோம். கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்று அவர் மனைவி கிளாடிஸ் சொன்னபோது எங்களில் பலருக்கு அது புரியவில்லை. அவர் இங்கேயே தங்கி அந்தத் தொழுநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். 2005-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வழக்கும் அதன் போக்கில் நடந்தது. முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனையை 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவர் மன்னித்ததால் சட்டம் நின்றுவிடவில்லை, சட்டம் நடந்ததால் அவர் மன்னித்தது பொய்யாகவும் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், புருஷனிடம் அடிபட்டு உதடு கிழிந்து வருகிற பெண்களுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன். கூட வருகிற சபையார் சிலர், "மன்னிச்சிட்டு வீட்டுக்குப் போம்மா" என்று வசனம் சொல்வார்கள். அது பாவம். அடிக்கிறவன் கைக்கெட்டும் தூரத்தில் போய் நிற்கச் சொல்லி வேதம் சொல்லவில்லை. அந்தப் பெண்களிடம் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைத்தான் நான் எழுதிக் கொடுப்பேன். பத்திரமான இடத்துக்குப் போன பிறகு மன்னிப்பைப் பற்றி ஆண்டவர் அவர்களோடு பேசிக்கொள்வார்.

என் விஷயத்தில் ஆபத்து எதுவும் இல்லை. ஆனாலும் அண்ணனோடு பணம், பத்திரம் சம்பந்தமாக எந்த வரவு செலவும் வைத்துக்கொள்வதில்லை என்று நானும் கணவரும் பேசி வைத்திருக்கிறோம். "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்றுதான் ரோமர் நிருபத்தில் இருக்கிறது. அந்தக் 'கூடுமானால்' எனக்குப் பிடிக்கும்.

2023 ஜனவரியில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கிளம்பும் முன் ஐயரம்மா ஒரு விஷயம் சொன்னார்கள். "போய் 'நான் உன்னை மன்னிச்சிட்டேன்'னு சொல்லிராத. தப்பு செஞ்சதா நினைக்காதவன்கிட்ட அதைச் சொன்னா, அது இன்னொரு அடி." மத்தேயு 5-ல் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிற வசனத்தை எடுத்துக் காட்டினார்கள். எனக்கு என் சகோதரன்மேல் குறை உண்டு என்று நினைவு வந்தால் அல்ல, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால். இத்தனை வருடம் அதைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன்.

அண்ணனுக்கு என்மேல் குறை இருந்தது. ஊர் முழுக்க அவனைத் திருடன் என்று சொன்னவள் நான். அவன் பிள்ளை அதைக் கேட்டு நின்றான்.

மதினிதான் கதவைத் திறந்தார்கள். ஒன்றும் பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அண்ணன் உள்ளேயிருந்து வந்தான். எட்டு வருடத்தில் அப்பாவின் நடை வந்திருந்தது அவனுக்கு. நான் உட்காரவில்லை. "அண்ணே, என் பிள்ளை உன் பையனை அப்படிப் பேசினதுக்குக் காரணம் நான்தான். ஊர்ல உன்னைப் பத்திப் பேசினதும் நான்தான். என்னை மன்னிச்சிரு" என்றேன். அவன் ரொம்ப நேரம் சுவரில் இருந்த அப்பா படத்தைப் பார்த்தான். "அப்பாதான் எழுதிக் குடுத்தாரு" என்றான். அவ்வளவுதான். எட்டு வருடமாக நான் எதிர்பார்த்த வார்த்தை வரவில்லை. உள்ளே என்னவோ எழும்பியது. கோடு போட்டாச்சு, கோடு போட்டாச்சு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். "சரிண்ணே" என்றேன். மதினி காப்பி கொண்டுவந்தார்கள். குடித்தேன். பையன் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டு, அத்தை மகள் உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள், அவளே நேரில் வருவாள் என்றேன். தலையை ஆட்டினான்.

கிளம்பும்போது மதினி ஒரு மஞ்சள் பையைக் கையில் கொடுத்தார்கள். கனமாக இருந்தது. பஸ்ஸில் திறந்து பார்த்தேன். பனங்கிழங்கு, மண் அப்பியபடி, இருபது இருக்கும். காலையில் தோண்டியதாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து கழுவி, தோல் உரித்து, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தேன். அடுப்படி முழுக்க அந்த வாசனை. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒன்றை எடுத்து இரண்டாகப் பிளந்து நடு நரம்பை உருவினாள்.

"இது தாத்தா விளையில உள்ளதா அம்மா?"

"மாமா விளையில உள்ளது" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கிழங்கை ஒடித்துப் பாதியை என்னிடம் நீட்டினாள்.